பழைய கதவும் புதிய சுவரும்

நுழையும்முன்

ஒரு வீட்டில் வாழ்ந்தவர்களின் காலம் அவ்வீட்டின் மரத்திலும் சுவரிலும் படிந்திருக்கும். பழமையான மரவேலைப்பாடுகள் உள்ள வீட்டிற்குப் புதிய வண்ணம் தேடும்போது எதை அளவுகோலாகக் கொள்வது? நிறமும் ஒளியும் மரமும் ஒன்றையொன்று எவ்வாறு மாற்றுகின்றன? செட்டிநாட்டுச் சிற்றூர் வீடு ஒன்றின் வழியாக இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் சுண்ணாம்பு மணம் வீசும். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, வடிகட்டி, சிறிதளவு நீலம் கலந்து, வீட்டுச் சுவரெங்கும் பூசுவர். வீட்டைப் புதுப்பிப்பதற்கே ‘வெள்ளையடித்தல்’ என்று பெயர் வழங்கிற்று. எந்த நிறம் பூசுவது என்னும் வினா அன்று எழவில்லை. சுவர் வெள்ளை, அதன் அடியில் காவிப்பட்டை, கதவுக்கு மரத்தின் நிறம். அவ்வளவே.

இன்று வண்ணப்பூச்சுக் கடையில் விரித்து வைக்கப்படும் அட்டையில் நூற்றுக்கணக்கான நிறங்கள் உள்ளன. நாம் சுட்டிக்காட்டும் நிறத்தைக் கணினியோடு இணைந்த கலவை எந்திரம் சில நிமிடங்களில் கலந்து தந்துவிடுகிறது. தேர்வு பெருகியபோது தடுமாற்றமும் பெருகியது. அட்டையில் அழகாகத் தெரிந்த நிறம் சுவரில் ஏறியதும் வேறாகத் தெரிகிறது. நூறாண்டுப் பழைய நிலையும் தூணும் உள்ள வீடாக இருந்தால் அவ்வேறுபாடு இன்னும் மிகுதியாகக் கண்ணை உறுத்துகிறது. சுவரின் நிறத்தைத் தனியே தேர்ந்தெடுக்க இயலாது. அங்கே முன்பே நிற்கும் மரத்தோடு கலந்தே அதை முடிவு செய்ய வேண்டும் என்பதை எங்கள் பூர்வீக வீடு எனக்குக் கற்பித்தது.

கடல் கடந்து வந்த மரம்

எங்கள் வீடு காரைக்குடியை அடுத்த சிற்றூர் ஒன்றில் உள்ளது. செட்டிநாட்டின் புகழ்பெற்ற மாளிகைகளோடு அதனை ஒப்பிட முடியாது. திண்ணை, முகப்பு, நான்கு தூண்களுடன் கூடிய வளவு, அதற்கப்பால் அடுப்படி என அளவான வீடு. ஆனால் அதன் நிலைக்கதவும் தூண்களும் உத்தரங்களும் அம்மாளிகைகளில் உள்ள அதே பர்மாத் தேக்கால் ஆனவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பர்மாவின் ஐராவதி ஆற்றுப் படுகையில் நெல் வேளாண்மை பெருகியது. அங்கே வட்டித்தொழில் நடத்தச் சென்ற நகரத்தார்கள் ஈட்டிய பொருளைக் கொண்டு சொந்த ஊரில் வீடு கட்டினர். பர்மாத் தேக்கு கப்பலேறித் தமிழகக் கரைக்கு வந்தது. சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்ச் சாறும் முட்டை வெண்கருவும் சேர்த்துச் சுவருக்குப் பூசினர். ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின்மேல் கையால் வார்த்த தரைக்கற்கள் அறைகளை அணி செய்தன. 1930களின் பொருளாதார வீழ்ச்சியும், 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும் அந்த வாழ்வை முறித்தன. பணம் போயிற்று, மரம் நின்றது. இன்று அத்தகைய தேக்கு கிடைப்பது அரிது. பதப்படுத்தாத மரத்தை ஏற்றுமதி செய்வதை மியான்மர் 2014ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தடை செய்துவிட்டது. அதே ஆண்டில் செட்டிநாட்டுச் சிற்றூர்களின் தொகுதி யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது.

தம்பி மகளின் திருமணத்தை ஒட்டி வீட்டைப் புதுப்பிக்க நாங்கள் முனைந்தபோது இரண்டு யோசனைகள் முன்வைக்கப்பட்டன. “அண்ணே, நிலையும் தூணும் கறுத்துப் போய்க் கிடக்கு. மொத்தமா வெள்ளை எனாமல் அடிச்சுட்டா வீடு பளிச்சுன்னு ஆயிரும்” என்றான் தம்பி. மற்றொன்று, விற்றுவிடுவது. பழம்பொருள் வாங்கும் வணிகர் ஒருவர் நிலைக்கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு விலை சொல்லியிருந்தார். திருமணச் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டக்கூடிய தொகை அது. அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை.

அவ்வீட்டிலேயே வாழும் எங்கள் அத்தை இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தார். “கதவை வித்துட்டு அந்த எடத்துல எதை வைப்பீக?” என்று மட்டும் கேட்டார். ஒட்டுப்பலகைக் கதவு என்று சொல்ல எவருக்கும் நா எழவில்லை.

மரம் ஏன் நிறம் மாறுகிறது?

மரத்திற்கு உறுதி தரும் பொருள்களுள் ஒன்று லிக்னின். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் இதனைச் சிதைக்கின்றன. மழையும் வெயிலும் நேரே படும் இடத்தில், சிதைந்த லிக்னினை மழைநீர் கழுவிச் சென்றுவிடும். அதனால்தான் வெளியே கிடக்கும் மரம் சாம்பல் நிறம் அடைகிறது. வீட்டினுள் இருக்கும் மரத்திற்கு அந்தக் கழுவல் இல்லை. ஒளியும் காற்றும் மெல்ல மெல்ல அதன் மேற்பரப்பின் நிறத்தை மாற்றுகின்றன. புதிதாக அறுத்த தேக்கில் வெளிர்மஞ்சளும் கருங்கோடுகளும் கலந்து தெரியும். ஒளி பட்டபின் அவ்வேறுபாடு தணிந்து, அது பொன்னிறம் கலந்த பழுப்பாக முதிர்கிறது. 

மரத்தின்மேல் பூசியவற்றிற்கும் முதுமை உண்டு. ஆளிவிதை எண்ணெய், காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகும். இறுகியபின் ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளாகும். அரக்குப் பூச்சியிலிருந்து பெறும் அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் தேய்க்கும் மெருகு, மரத்திற்குச் செம்மை ஏற்றும். ஆகவே, பழைய கதவின் நிறம் என்று நாம் காண்பது தனியொரு நிறம் ஆகாது. மரமும் மெருகும் ஒளியும் புகையும் சேர்ந்து பல்லாண்டுகளில் உருவாக்கிய கூட்டு நிறம் அது. அதனைக் கலவை எந்திரத்தால் ஒரு பகலில் உருவாக்கிவிட முடியாது.

முதலில் கதவைக் கழுவுங்கள்

வண்ணம் பூசும் பெரியவர் ஒருவரை அழைத்திருந்தோம். வண்ண அட்டையை அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

“சுவத்துக்கு இப்ப நெறம் தேடாதீக, வாத்தியாரய்யா. மொதல்ல கதவைக் கழுவுவோம். மரத்துக்கு வயசு நூறு. சுவத்துச் சாயம் பத்து வருசம் இருந்தாப் பெருசு. எது எதுக்கு ஒத்துப் போகணும்?” என்றார்.

மென்மையான சோப்பு கரைத்த நீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கீல் பொருத்திய ஓரத்தில் ஒரு சாண் அளவுக்குத் துடைத்தார். உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றினார். சலவைச் சோடாவைத் தொடக்கூடாது, அது மரத்தைக் கறுக்கச் செய்யும் என்றார். மூன்றாம் முறை துடைத்தபோது துணி கறுத்தது, மரம் வெளுத்தது. தம்பி ‘கறுத்துப் போன மரம்’ என்று கருதியது விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் கைப்பட்ட அழுக்குமே என்பது புலனாயிற்று. அடியில் இருந்தது தேன் நிறத்தில் செம்மை ஓடிய தேக்கு. தம்பி அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். வெள்ளை எனாமலைப் பற்றி அவன் மீண்டும் பேசவில்லை.

உள்ளறைக் கதவு ஒன்றுக்கு முன்னோர் எனாமல் பூசியிருந்தனர். அதன் மூலையில் ஒரு ரூபாய் நாணய அளவுள்ள இடத்தை, நீர் தொட்ட உப்புத்தாளால் பெரியவர் பொறுமையாகத் தேய்த்தார். அடுக்கடுக்கான வண்ணங்கள் வளையங்களாக வெளிப்பட்டன. மேலே பழுப்பு, அதனடியில் நீலம், அதனடியில் பச்சை, நடுவில் மரம். அத்தை குனிந்து பார்த்து, “இந்தப் பச்சை என் கலியாணத்துக்கு அடிச்சது. நீலம் உங்கப்பாவுக்குப் பொண்ணு கொண்டாந்தப்ப” என்றார். எழுதி வைக்கப்படாத குடும்ப வரலாறு ஒரு நாணய அளவுக்குள் அடங்கியிருந்தது.

இத்தகைய பழைய பூச்சைத் தேய்க்கும்போது கருத்தில் கொள்ள வேண்டிய தீங்கு ஒன்று உண்டு. முற்காலத்து எனாமல் பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஈயத் தூசு உடலினுள் சென்றால் சிறுகுழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மிகக்கூடாது என்று இந்திய அரசு 2016ஆம் ஆண்டு விதி வகுத்தது. அவ்விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியவற்றைப் பற்றி நமக்கு உறுதி கிடையாது. ஆகவே, பழைய பூச்சை உலர்நிலையில் தேய்க்கலாகாது. தீயால் சுடவும் கூடாது. நீர் தொட்டுத் தேய்த்து, முகக்கவசம் அணிந்து, குழந்தைகளை அப்பால் அனுப்பி, கழிவை ஈரத்துணியால் திரட்டி எடுத்தல் வேண்டும். உரியாமல் உறுதியாக ஒட்டியிருக்கும் பூச்சை அப்படியே விட்டு, அதன்மேல் பூசுவதே பல இடங்களில் நன்று. அந்த உள்ளறைக் கதவை நாங்கள் அவ்வாறே செய்தோம்.

அடுத்திருக்கும் நிறம்

நிறம் தனித்து நிற்பதில்லை. அடுத்திருக்கும் நிறம் அதை மாற்றுகிறது. பிரான்சு நாட்டு வேதியியலறிஞர் செவ்ரோல் இதனை முறையாக ஆராய்ந்தவர். 1824ஆம் ஆண்டு பாரிசிலுள்ள கோபெலின் திரைச்சீலை நெசவகத்தின் சாயப் பிரிவுக்கு அவர் தலைவரானார். கறுப்பு நூலின் சாயம் போதிய அழுத்தம் இல்லாமல் இருக்கிறது என்று அவரிடம் குறை கூறப்பட்டது. சாயத்தை ஆராய்ந்த அவர் அதில் குறை ஏதும் காணவில்லை. கறுப்பை அடுத்து நெய்யப்பட்டிருந்த நீலமும் ஊதாவுமே அதை வெளிறச் செய்து காட்டின. அடுத்தடுத்த நிறங்கள் தம் வேறுபாட்டை ஒன்றுக்கொன்று மிகுத்துக் காட்டும் என்னும் இவ்விதியை விளக்கி 1839இல் அவர் நூல் வெளியிட்டார்.

நம் நெசவாளர்கள் இதைக் கண்ணாலும் கையாலும் அறிந்திருந்தனர். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடாக்கள் ஓடும். இரண்டும் சேரும் எல்லையில் இழைகள் ஒன்றோடொன்று பின்னப்படும். அரக்குக் கரைக்கு மாம்பழ மஞ்சள் உடல், மயில்கழுத்து நிறத்துக்கு வாடாமல்லிக் கரை எனச் சேர்ப்பது அவர்கள் மரபு. கரையும் உடலும் ஒரே நிறமானால் கரை தன் இருப்பை இழக்கும். பொருத்தம் என்னும் சொல்லுக்கு ஒன்றுபோல் இருத்தல் என்று நாம் பொருள் கொள்வதுண்டு. இரண்டும் தத்தம் இயல்பு குன்றாமல் இணைந்து நிற்பதே பொருத்தம் என்கிறது அந்தச் சேலை.

இதைத் தேக்கு நிலைக்கும் சுவருக்கும் பொருத்திப் பார்க்கலாம். தேக்கு, மஞ்சளும் செம்மையும் கலந்த பழுப்பு. சுவருக்கும் பழுப்பே பூசினால் நிலை சுவரில் கரைந்துவிடும். செதுக்கு வேலையும் கண்ணுக்குத் தெரியாது. நீலம் தூக்கலான நிறத்தைப் பூசினால் தேக்கின் செம்மை பன்மடங்காகத் தெறித்துத் தோன்றும். பெரிய கூடத்தில் அது எடுப்பாக இருக்கலாம். சிறிய அறையில் கண்ணைச் சோர்வடையச் செய்யும். சந்தனம், வெண்ணெய், வெளிறிய இலைப்பச்சை போன்ற தணிந்த நிறங்கள் தேக்கின் செம்மையைத் தாங்கிக்கொள்ளும். மரமும் தன் இயல்பில் தெரியும்.

வெண்மைகள் பல

‘வெள்ளைதானே, அதில் என்ன தேர்வு?’ என்று தோன்றலாம். ஆனால் வெண்மை ஒன்றன்று. இன்றைய வெள்ளைப் பூச்சுகளுக்கு டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் நிறமி அடிப்படை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிற்சாலைகளில் உருவாக்கப்பட்ட இந்நிறமி, அடியிலுள்ளதை முழுமையாக மறைக்கும் கூர்மையான வெண்மையைத் தருகிறது. சுண்ணாம்பின் வெண்மை அத்தகையது அன்று. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று மீண்டும் சுண்ணக்கல்லின் தன்மையை அடைகிறது. அந்த நுண்படிகப் பரப்பு ஒளியை மென்மையாகச் சிதறச் செய்கிறது. கூர்மையான வெண்மையின் அருகே பழைய மரம் அழுக்காகத் தெரியும். சுண்ணாம்பின் அருகே அதுவே முதிர்வாகத் தெரியும்.

மற்றொரு காரணமும் உண்டு. பழைய சுண்ணாம்புச் சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் தன்மையுடையது. அதன்மேல் நெகிழித்தன்மையுள்ள பூச்சைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்; பூச்சு உப்பி உரியும்; சுவரில் பதிந்த நிலையின் அடிமரமும் இற்றுப்போகும். பழைய வீட்டில் நிறத்தின் தேர்வோடு பூச்சின் தேர்வும் பிணைந்திருப்பதை இதனால் அறியலாம்.

ஒளியும் நிறத்தை ஆள்கிறது. பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகும் இரண்டு பூச்சுகள் விளக்கொளியில் வேறுபட்டுத் தெரிவதுண்டு. 2700 கெல்வின் அளவுள்ள மஞ்சள் விளக்கின்கீழ்த் தேக்கு ஒளிரும். 6500 கெல்வின் அளவுள்ள வெண்ணிற விளக்கின்கீழ் அதே தேக்கு உயிரிழந்து சாம்பல் பூத்ததுபோல் தோன்றும். சுவரை மாற்றுவதற்கு முன் விளக்கை மாற்றிப் பார்ப்பது செலவு குறைந்த வழி.

சுவரில் எழுதிய தேர்வு

பெரியவர் வளவுச் சுவரில், நிலையை ஒட்டி, இரண்டடிக்கு இரண்டடி அளவில் மூன்று சதுரங்களைப் பூசினார். ஒன்று நீலம் கலந்த வெள்ளை, ஒன்று சந்தனம், ஒன்று சுண்ணாம்பில் மஞ்சள் காவிப்பொடி சிறிதளவு கலந்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கை பூச்சு. உலரும்வரை எவரும் கருத்துச் சொல்லக்கூடாது என்றார். ஈரச் சுண்ணாம்பு உலர்ந்ததும் வெளுக்கும் என்பதையும் சிறிய அட்டையில் மென்மையாகத் தெரியும் நிறம் பெரிய சுவரில் அழுத்தமாகத் தெரியும் என்பதையும் நாங்கள் அப்போதுதான் கண்டோம்.

மறுநாள் காலை, நண்பகல், மாலை, விளக்கு ஏற்றிய பின் என நான்கு வேளையும் அச்சதுரங்களைப் பார்த்தோம். நண்பகலில், திறந்த வளவின் வழியே நேரே இறங்கிய வெயிலில் நீலவெள்ளை கண்ணைக் கூசச் செய்தது, நிலை இருண்டுபோனது. சந்தனம் காலையில் அழகாகவும் மாலையில் மரத்தோடு கலந்து மங்கலாகவும் தெரிந்தது. காவி கலந்த சுண்ணாம்பு நான்கு வேளையிலும் மரத்தை முன்னே விட்டுத் தான் பின்னே நின்றது. அதையே அனைவரும் ஒருமனதாக ஏற்றோம். காவி ஓர் இரும்பு ஆக்சைடு. சுண்ணாம்பின் காரத்தாலும் வெயிலாலும் அது நிறம் கெடாது. செலவும் கடையில் விலை கேட்டதைவிடக் குறைவு. கதவை விற்கும் பேச்சு அதன்பின் எழவில்லை. திருமணச் செலவுக்குத் தம்பி கூடுதலாகக் கடன் வாங்க நேர்ந்தது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பழமையைக் காப்பதற்கு விலை உண்டு. அதனை எவரேனும் ஒருவர் ஏற்றுத்தான் ஆகவேண்டும்.

புதிய துண்டு

தூண் ஒன்றின் அடிப்பகுதி கறையான் அரித்திருந்தது. தச்சர் அந்தப் பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, புதிய தேக்குத் துண்டு ஒன்றை இணைத்தார். பழைய தூணில் அது வெளிர்மஞ்சளாகத் தனித்துத் தெரிந்தது. சாயம் ஏற்றி நிறத்தை ஒப்பாக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். “இன்னைக்கு ஒப்பாக்கிடலாம். ஆனா நாளைக்கு அந்த மரமும் தானாக் கறுக்கும், அப்பச் சாயமும் சேர்ந்து பழசைவிடக் கறுத்துப் போகும்” என்றார். எண்ணெய் மட்டும் தேய்த்து விட்டுவிட்டார். இரண்டு ஆண்டுகளில் அத்துண்டு கொஞ்சம் முதிர்ந்திருக்கிறது. இணைப்புக் கோடு இன்னும் தெரிகிறது. தெரிவதில் குறையொன்றும் இல்லை.

மாணவர்களே! உங்களுள் பலர் பிற்காலத்தில் வீடு கட்டுவீர்கள். பழைய வீடொன்றைப் புதுப்பிக்கும் பொறுப்பும் சிலருக்கு வாய்க்கும். அங்கே நிற்பது தேக்காகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பூவரசாகவோ வேம்பாகவோ பனையாகவோ இருக்கலாம். பழையது என்பதற்காக ஒன்றை வணங்கவும் வேண்டா. கறுத்துவிட்டது என்பதற்காக மறைக்கவும் வேண்டா. மறைப்பதற்கும் விற்பதற்கும் முன் ஒரு சாண் இடத்தைக் கழுவிப் பாருங்கள். அதன்பின் எந்த முடிவுக்கு வந்தாலும் அது அறிந்து எடுத்த முடிவாக இருக்கும்.